சாமிக்கு நல்லதையே கொடுத்தோம்

எங்கள் ஆடுகள் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தன. அதை வாய்விட்டு முதலில் சொன்னவன் ஒரு வியாபாரி. எட்டயபுரம் சந்தையில் என் கிடாவின் முதுகைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஆட்டுக்கும் ரேஷன் கார்டு போட்டுட்டீங்களா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது முன்பே தெரியும்.

புதூருக்குத் தெற்கே எங்கள் ஊர். கரிசல் பூமி. மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும் உண்டு. பெய்யாவிட்டால் ஆடு மட்டும்தான். அறுபது எழுபது உருப்படி எப்போதும் பட்டியில் நிற்கும். எல்லாம் செம்மறி. வெள்ளை உடம்பில் செம்பொட்டு இருக்கும். பொட்டாடு என்போம். தாத்தா மேய்த்தார், அப்பா மேய்த்தார், பிறகு நான். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். என் அண்ணன் பள்ளிக்கூடமே போகவில்லை. அப்பா இறந்த பிறகு ஆடு என் பொறுப்பு, கோயில் அண்ணன் பொறுப்பு என்று ஆனது. சொத்தைப் பிரிக்கவில்லை. பட்டியும் ஒன்றுதான்.

கோயில் என்பது எங்கள் குலசாமி கோயில். ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் இருக்கிறது. அண்ணன் அங்கே சாமியாடி. சித்திரையில் திருவிழா நடக்கும். கொடை என்போம். கொடைக்குக் கிடா வெட்டுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் வகையறாவில் அதற்கு ஒரு முறை உண்டு. அதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

குட்டிகள் பால் மறந்ததும் அண்ணன் பட்டிக்கு வருவார். அந்த வருஷத்துக் கிடாக்குட்டிகளில் எது பெரிதோ, எதற்கு ஒரு குறையும் இல்லையோ, அதைப் பிடித்துக் காதில் ஒரு கீறு போடுவார். அன்றிலிருந்து அது சாமி கிடா. அதை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. பெட்டையோடு சேரவும் கூடாது. சேர்ந்தால் எச்சில் பட்டது. எச்சில் பட்டதைச் சாமிக்கு வைக்க மாட்டோம். அதனால் அதற்கு வயது வரும்போது வயிற்றுக்கு அடியில் சாக்குத்துணியை வைத்துக் கட்டிவிடுவோம். கச்சை என்று பேர். கச்சையோடு மந்தையில் திரியும். பெட்டை மேல் ஏறும், ஒன்றும் நடக்காது. ரெண்டு வயது வாக்கில் நாலு பல் போடும். அந்தச் சித்திரையில் வெட்டுவோம். கொம்பை மண்டையோட்டோடு காயவைத்துக் கோயில் முன்கொட்டகையின் விட்டத்தில் கட்டுவோம். வருஷத்துக்கு ஒரு ஜோடி. தாத்தா காலத்திலிருந்து வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

சாமிக்குப் போனது போக மீதி உள்ளதில் பெரிய கிடாக்களை வியாபாரி பிடித்துக்கொண்டு போவான். அவன் வேண்டாம் என்று கழித்தது பட்டியில் நிற்கும். அதுதான் பொலிகிடா. எல்லாப் பெட்டைக்கும் அதுதான் மாப்பிள்ளை. இதில் தப்பு இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. முதல் தரம் சாமிக்கு, ரெண்டாவது சந்தைக்கு, மிச்சம் நமக்கு. மரியாதை தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தோம்.

ஆடு சிறுப்பதற்கு நான் வேறு காரணம் வைத்திருந்தேன். அது என் வீட்டுக்காரிக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

என் மகள் பிறந்த வருஷம் மழை இல்லை. வீட்டுக்காரிக்கு வலி எடுத்து ரெண்டு நாள் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்க வேண்டும். வீட்டில் ஒன்றும் இல்லை. பட்டியில் உடனே விலை போகிற மாதிரி நின்றது ஒரே ஒரு கிடா. காதில் கீறு போட்டது. அண்ணன் அன்றைக்கு ஊரில் இல்லை. நான் கச்சையை அவிழ்த்துவிட்டுக் கிடாவை விற்றுவிட்டேன். வாங்கியவன் அதன் காதைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தார்கள். அந்தச் சித்திரையில் விட்டத்தில் கொம்பு ஏறவில்லை. அண்ணன் என்னைத் திட்டவில்லை. "சாமி பாத்துக்கிடும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த வருஷம் நானே அண்ணனிடம் போய் ரெண்டு குட்டிக்குக் கீறு போடச் சொன்னேன். ஒன்று வழக்கத்துக்கு, ஒன்று நான் செய்த குற்றத்துக்கு. அதோடு நிறுத்த மனம் வரவில்லை. அதற்கு மறு வருஷமும் ரெண்டு. ஆடு சிறுக்கச் சிறுக்க, சாமிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் மூன்று கொடுத்தேன். இப்படிப் பதினெட்டு வருஷம் ஓடியது.

மகள் நன்றாகப் படித்தாள். ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷத்தில் கோவில்பட்டியில் கல்லூரியில் சேர்ந்தாள். விலங்கியல். ஊரில் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆடு மாட்டைப் பற்றிப் படிக்க எதற்குக் கோவில்பட்டி, எங்கள் பட்டியிலேயே படிக்கலாமே என்றார்கள். காலையில் ஏழு மணி பஸ்ஸில் போவாள். சாயங்காலம் வந்து முற்றத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். நான் கயிறு திரித்துக்கொண்டே கேட்பேன். பாதி புரியும்.

ஒருநாள் அண்ணன் வந்திருந்தார். காலேஜில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று அவளைக் கேட்டார். மனுஷனும் குரங்கும் ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரே வழியில் வந்தவர்கள் என்று அவள் சொன்னாள்.

"உங்க அப்பன் வழியில வேணா அப்படி இருக்கும். எங்க வழியில கெடையாது" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா தான, பெரியப்பா."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. இப்படிப் படித்தால் சாமி பயம் போய்விடும், கல்யாணம் பண்ணிப் போகிற இடத்தில் விளக்குக்கூட ஏற்ற மாட்டாள் என்றார். என் வீட்டுக்காரி அவர் முகத்துக்கு நேரே பேச மாட்டாள். அடுப்படியில் இருந்து யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"மனுசன் செத்துச் சாமியாவான்னு நம்புதாவ. குரங்கு மனுசனாச்சுன்னா மட்டும் கோவம் வருதாக்கும்."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. எங்கள் சாமி ஒரு காலத்தில் மனுஷன். ஆட்டுக்குக் காவல் போன இடத்தில் களவாணிகளிடம் வெட்டுப்பட்டுச் செத்தவர். ஏழு தலைமுறைக்கு முன்னால் நடந்தது. எங்கள் பூட்டனின் பூட்டனுக்கு அவர் சித்தப்பன் முறை. அவர் இந்த உலகத்தை உண்டாக்கினார் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. உலகம் எப்படி வந்தது என்று நாங்கள் அவரிடம் கேட்டதும் இல்லை. மழை கேட்போம். குட்டி தங்க வேண்டும் என்று கேட்போம். பிள்ளை கேட்போம். அதனால் குரங்கு விஷயம் எனக்கு உறுத்தவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். உறுத்தியது பிறகு வந்தது.

அந்த வருஷக் கொடையில் மகள் கோயில் கொட்டகைக்கு வெளியே நின்றாள். பெண்கள் உள்ளே வருவதில்லை. அங்கே நின்றபடி விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்புகள் சாமிக்குப் பக்கத்தில் பழையது, வாசலுக்குப் பக்கத்தில் புதியது என்று இருக்கும். வீட்டுக்கு வரும்போது, சாமி பக்கம் தொங்குகிற கொம்பு வேறு சாதி ஆடா என்று கேட்டாள். இல்லை, நம் ஆடுதான், தாத்தா காலத்துக் கிடா என்றேன்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மேய்ச்சலுக்குச் சோறு கொண்டுவந்தாள். நான் சாப்பிடும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"அப்பா, எது பெக்குதோ அதோட சாயல்தான் அடுத்தாப்ல வரும். நம்மகிட்ட நல்லதெல்லாம் பெக்காமலே போகுது. ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு சந்தைக்கு. கழிச்சதுதான் நின்னு பெக்குது. அம்பது அறுவது வருசமா இப்படியே நடந்தா என்ன ஆகும்?"

நான் தீனியைச் சொன்னேன். மேய்ச்சல் பூரா சீமைக்கருவை அடைத்துவிட்டது, முன்பு மாதிரி மழையும் இல்லை என்றேன். அதுவும் இருக்கும் என்று ஒத்துக்கொண்டாள். அவள் படிப்பில் எனக்குப் பிடித்தது அதுதான். இல்லை என்று அடித்துப் பேச மாட்டாள்.

அவள் போன பிறகு எனக்கு மச்சானின் ஆடுகள் ஞாபகம் வந்தன. என் வீட்டுக்காரியின் தம்பி பக்கத்து ஊர்க்காரன். அவன் மந்தையும் என் மந்தையும் ஒரே கண்மாயில்தான் மேய்கின்றன. ஒரே புல், ஒரே மழை. அவன் குட்டிகள் என் குட்டிகளைவிட ஒரு சாண் உயரம். அவன் வீட்டிலும் கிடா வெட்டுவார்கள். ஆனால் கொடைக்கு முன்னால் சந்தையில் வாங்கி வெட்டுவார்கள். பட்டியில் நல்ல கிடாவை நிறுத்திக்கொள்வான். நான் அவனைக் கஞ்சன் என்று நினைத்திருந்தேன். சாமிக்குக் கொடுக்க மனம் இல்லாதவன் என்று வீட்டில் சொல்லியும் இருக்கிறேன்.

பொட்டு அப்பனைப் போல வரும் என்று எனக்குத் தெரியும். குட்டி விழுந்ததும் பொட்டைப் பார்த்துத் தகப்பனைச் சொல்லிவிடுவேன். ஆனால் உடம்பு தீனியால் வருகிறது, சாமியால் வருகிறது என்று இருந்துவிட்டேன்.

கொம்பை அளந்தால் தெரியும் என்றாள் மகள். எல்லாம் நாலு பல் போட்டதும் வெட்டியது. அதனால் வயது வித்தியாசம் கிடையாது. அந்தந்த வருஷத்தில் இருந்ததிலேயே பெரிய கிடாவின் கொம்பு. அவள் உள்ளே போக முடியாது. நான் போக வேண்டும்.

ஒரு புதன்கிழமை காலையில் குளித்துவிட்டுப் போனேன். சூடம் ஏற்றினேன். என்ன செய்யப் போகிறேன் என்று சாமியிடம் சொன்னேன். கொட்டகையில் கிடந்த உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன். ஒவ்வொரு கொம்பின் அடியிலும் பருத்தி நூலைச் சுற்றி, முட்டின இடத்தில் வெட்டி, எந்த வருஷத்தது என்று துண்டுத்தாளில் எழுதி முடிந்துகொண்டேன். சாமியின் கண் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. அவரைவிட உயரத்தில் நிற்கிறேன் என்பதுதான் பயமாக இருந்தது. பழையதில் நாலைந்து கொம்பு செல்லரித்து விழுந்திருந்தது. மீதி எல்லாவற்றையும் அளந்துவிட்டேன்.

மகள் அந்த நூல்களை வீட்டுத் தரையில் வரிசையாக நீட்டி வைத்தாள். தாத்தா காலத்து நூலில் ஆரம்பித்து இந்த வருஷத்து நூல் வரை. படிக்காதவனுக்கும் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்து, ஒரு இடத்துக்குப் பிறகு சரசரவென்று இறங்கியது. ரெண்டு ரெண்டாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகு அப்படி. அந்த இடத்தில் ஒரு வருஷத்துக்கு நூல் இல்லை.

"இதுல ஒரு வருசம் விட்டுப் போச்சேப்பா" என்றாள்.

வீட்டுக்காரிதான் சொன்னாள். "அது நீ பெறந்த வருசம்." பிறகு மொத்தக் கதையையும் சொன்னாள். மகள் குனிந்தபடியே கேட்டாள். நூலை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் ஒட்ட ஆரம்பித்தாள். நான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

சாமி என்னைத் தண்டிக்கவில்லை என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும். வரவில்லை. சாமி அடித்தது என்று நினைத்தவரை அது ஒரு வழக்கு மாதிரி இருந்தது. நான் குற்றவாளி, அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன் என்று இருந்தேன். இப்போது பார்த்தால் அவர் ஒன்றும் செய்யவில்லை. பதினெட்டு வருஷம் என் கையாலேயே என் பட்டியை அழித்திருக்கிறேன். அதுவும் பக்தியோடு.

ரொம்ப நாள் அதை யோசித்தேன். மேய்க்கிறவனுக்கு யோசிக்க நேரம் உண்டு. அப்புறம் ஒன்று தோன்றியது. கொம்பைக் கட்டி வைக்கச் சொன்ன வழக்கம் யாருடையது? சாமியுடையது. தோலை விற்கலாம், கறியைத் தின்னலாம், கொம்பு மட்டும் தன் முன்னால் இருக்க வேண்டும் என்று அவர்தான் வைத்திருந்தார். எங்கள் கண்ணுக்கு முன்னால் அத்தனை வருஷமாகக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நாங்கள் கீழே விழுந்து கும்பிட்டோமே தவிர மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. இது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இதற்குப் பிறகு மகளின் புத்தகமும் சாமியும் என் மனதில் சண்டை போடவில்லை.

அண்ணனிடம் போனேன். ரெண்டு வேண்டாம், பழையபடி ஒன்று போதும் என்றேன். சரி என்றார். அந்த ஒன்றும் ஒரு வருஷம் பெட்டையோடு திரிந்துவிட்டு வரட்டும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏலே, ஒனக்கு வாங்கிவச்ச சோத்த நாய் நக்கிட்டுப் போச்சுன்னா நீ திம்பியா?"

"இது நாய் இல்ல அண்ணே. அதோட குட்டி நமக்கு வேணும்."

"கேட்டது பிள்ளையா, நீயா?"

நான்தான் என்றேன். நூல் வைத்த காகிதத்தைக் காட்டினேன். பார்த்தார். அவருக்கு அந்தக் கிடாக்கள் எல்லாம் தெரியும். பாதி அவர் கையால் வெட்டியது. பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். மூத்தவர்கள் வைத்த முறையை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அது உண்மைதான். அவர் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. அவரும் பயந்தவர்.

வரும் கொடைக்கென்று கீறு போட்ட கிடா ரெண்டு நின்றன. பெரியதின் கச்சையை ஐப்பசியில் நான் அவிழ்த்தேன். மேய்ச்சலுக்குப் போனதும் அவிழ்ப்பேன், பட்டிக்குத் திரும்பும்போது கட்டுவேன். ஆறு மாதம் யாருக்கும் தெரியாது. மகளிடமும் சொல்லவில்லை. அண்ணனை ஏமாற்றுகிறோம் என்பது தெரிந்துதான் செய்தேன். சாமியை ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. அவர் மேய்ச்சல் காட்டிலும் இருக்கிறவர்.

சித்திரைக் கொடை வந்தது. பகலில்தான் வெட்டு. வெட்டுவதற்கு முன்னால் கிடாவிடம் உத்தரவு கேட்போம். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றுவார்கள். கிடா உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. துலுக்காவிட்டால் வெட்டக் கூடாது.

அண்ணன் சொம்போடு நின்றார். பங்காளிகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கயிறு என் கையில். அதுவரை பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சொம்பை உயர்த்தியதும் என்னால் முடியவில்லை.

"அண்ணே, இது சுத்தமில்ல. நாந்தான் கச்சைய அவுத்துவிட்டேன். ஆறு மாசமாப் பெட்டையோட திரியுது."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீரா? அவன் வாயாலயே சொல்லிட்டான். வேணும்னா எடுத்துக்கிடும். வேண்டாம்னா விட்டிரும்."

ஊற்றினார். கிடா நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார். தலையைத் திருப்பி மாலையில் இருந்த வேப்பிலையைக் கடித்தது. மூன்றாவது சொம்பு. தண்ணீர் வயிற்றில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கிடா அசையாமல் மென்றது. நனைந்த ஆடு உதறும். மழையில் தினம் பார்க்கிறவன் நான். அன்றைக்கு அது உதறவில்லை.

ஏன் என்று இன்றுவரை தெரியாது. மகளிடம் கேட்டேன். "வெயில்ல சுகமா இருந்திருக்கும்ப்பா" என்றாள். இருக்கலாம்.

மற்றக் கிடா முதல் சொம்புக்கே துலுக்கியது. அதை வெட்டினார்கள். சாமி வேண்டாம் என்று ஒதுக்கியதை வெட்டவும் கூடாது, விற்கவும் கூடாது. அது சாகிறவரை பட்டியில் நிற்க வேண்டும். கயிற்றை என் கையில் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணன் சொன்னார்.

"ஒம் பட்டியிலயே கெடக்கட்டும்."

அதுவரை அவர் ஒருநாளும் ஒம் பட்டி என்று சொன்னதில்லை. நம்ம பட்டி என்றுதான் சொல்வார்.

வைகாசியில் பங்காளிகளை வைத்து ஆட்டைப் பிரித்தோம். ஆளுக்கு முப்பத்து மூன்று. அண்ணன் தன் பங்கை ஊருக்கு வடக்கே ஓட்டிக்கொண்டு போய் முள்வேலி அடைத்தார். அவர் மூத்த மருமகன் மேய்த்தான். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். என் வீட்டுக்காரி ரெண்டு தடவை சமாதானம் பேசிப் பார்த்தாள். அவருக்குச் சாமி முன்னால் தலைகுனிவு ஆகிவிட்டது என்று அண்ணி சொன்னாளாம். அது எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் காய்ச்சல் வந்து அண்ணன் படுத்தார். ஊரில் ரெண்டு பேர் அது என்னால்தான் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகள் மாத்திரை வாங்கிக் கொண்டுபோனாள். அவளோடு பேசினார். பெரியப்பாவுக்குத் திருநீறு பூசிவிட்டு வந்தேன் என்றாள். நீயா பூசினாய் என்று கேட்டேன். "ஏன், மாத்திரையும் குடுத்தேன்லா" என்றாள்.

பிரிக்கும்போது பெட்டைகளில் பாதிக்கு மேல் சினையாக இருந்தன. அதை அப்போது யாரும் பேசவில்லை. மாசியில்தான் பெட்டைகள் பருவத்துக்கு வந்திருந்தன; ஆடியில் இருந்து என் பட்டியிலும் குட்டி விழுந்தது, அண்ணன் பட்டியிலும் விழுந்தது. பெரும்பாலும் ஒரே தகப்பன், பொட்டே சொல்லியது. ஒதுக்கின கிடாவின் குட்டிகள். பெரியதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனாலும் எடுத்துக் காட்டுகிற மாதிரி நாலைந்து இருந்தன. அண்ணன் மருமகன் ஒருநாள் ஓடையில் என்னைப் பார்த்து, "எங்க மாமா ஒரு குட்டியத் தூக்கிக்கிட்டே உக்காந்திருக்காவ. எறக்கி விட மாட்டேங்காவ" என்றான்.

அந்தக் குட்டிக்கு அண்ணன் கீறு போடவில்லை. வேறு ஒன்றுக்கும் போடவில்லை. அடுத்த சித்திரைக்கு, முன்பே கீறு போட்டிருந்த கிடாவை வைத்துக் கொடை நடத்தினார்கள். நான் பந்திக்கு உட்காராமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு மறு வருஷம் கொடைக்குக் கீறு போட்ட கிடா ஒன்றும் இல்லை. மேளம் அடித்து அண்ணனுக்கு அருள் வந்தது. வழக்கமாக மழை பற்றிச் சொல்லும், பிள்ளை இல்லாதவர்களுக்குத் திருநீறு கொடுக்கும். அன்றைக்கு அதெல்லாம் முடிந்து சாமி மலையேறப் போகிற நேரத்தில், விட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னது.

"பால்மணம் மாறாததுக்குக் காதக் கீறாத. எனக்குப் பச்சப்பிள்ள வேண்டாம். பெத்துப் பெருக்குனதக் கொண்டா. பல்லு நெறஞ்சதக் கொண்டா."

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பல் நிறைந்தது என்றால் எட்டுப் பல்லும் போட்டது. நாலு வயதுக் கிடா. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சாமி சொன்ன பிறகு யார் பேசுவார்கள்?

சொன்னது சாமியா, பெரியப்பாவா என்று மகள் பிறகு ஒருநாள் கேட்டாள். அப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். எனக்குத் தெரியாது என்றேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்த மனுஷனுக்கு மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. அருள் வந்தவரின் கண்ணை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அது அண்ணன் கண் இல்லை. நான் அறிந்தது இவ்வளவுதான்.

அருள் இறங்கியதும் சாமியாடி துவண்டு விழுவார். யாராவது தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பக்கத்தில் நின்றது நான். உட்காரவைத்துச் சொம்பை வாயில் வைத்தேன். குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு யார் என்று பார்த்தார். ரெண்டு வருஷம் கழித்து என்னிடம் பேசினார்.

"என்னலே சொல்லிச்சு?"

வார்த்தை மாறாமல் அப்படியே சொன்னேன். வேட்டியில் பட்ட மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கச்சையப் பத்தி?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"பெத்ததக் கேக்குதுன்னா கச்ச எதுக்குலே" என்றார். எழுந்திருக்கக் கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன்.